ஆர்ஜிபி டு சிஎம்ஒய்கே: பட்டுப்புடவை கேட்டலாக் வேலையில் நான் பார்த்தது

வாடாமல்லி, கிளிப்பச்சை, எம்.எஸ். நீலம். புடவைக் கேட்டலாக் செய்கிறவர்களிடம் கேட்டால் இந்த மூன்றையும்தான் முதலில் சொல்வார்கள். திரையில் மூன்றும் பளிச்சென்று நிற்கும். அச்சுக்குப் போனால் வாடாமல்லி மங்கும், கிளிப்பச்சை காய்ந்த இலை மாதிரி ஆகும், நீலம் கத்தரிப்பூ பக்கம் சாயும். மதுரையில் உட்கார்ந்து புடவைக் கேட்டலாக், கல்யாணப் பத்திரிகை, காலண்டர் என்று சிவகாசிக்குப் பல வருடங்களாக ஃபைல் அனுப்பிக்கொண்டிருக்கிறேன். ஃபோட்டோஷாப், இல்லஸ்ட்ரேட்டர், கோரல்டிரா மூன்றும் தினசரிப் புழக்கம். அஃபினிட்டி பிறகு சேர்ந்தது. இவற்றில் கலர் மோட் மாற்றும் வேலை, அதாவது திரையின் சிவப்பு, பச்சை, நீல ஒளிக் கணக்கான ஆர்ஜிபியை அச்சு இங்க்கின் சயான், மெஜந்தா, மஞ்சள், கருப்புக் கணக்கான சிஎம்ஒய்கேயாக்குவது, எப்படி நடக்கிறது, எதை நம்பலாம், எதைக் கையால் சரிசெய்ய வேண்டும் என்பதைத்தான் எழுதுகிறேன்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புகைப்படங்களைக் கடைசி வரை ஆர்ஜிபியில் வைத்திருந்து, எந்தத் தாள், எந்த அச்சு என்று தெரிந்தபிறகு ஒரே ஒரு தடவை மாற்றுங்கள். எழுத்து, கோடு, லோகோ, பார்டர் எல்லாம் ஆரம்பத்திலிருந்தே சிஎம்ஒய்கேயில் இருக்கட்டும். இரண்டையும் ஒரே பட்டனால் மாற்றப் போவதிலிருந்துதான் பாதி வம்பு வருகிறது.

படங்களை எடுத்துக்கொள்வோம். ஃபோட்டோஷாப்பில் இமேஜ் மெனுவில் மோட் போய் சிஎம்ஒய்கே என்று அழுத்துகிறவர்கள்தான் அதிகம். அது கலர் செட்டிங்ஸில் எந்த ப்ரொஃபைல் (ஒரு மெஷினில், ஒரு தாளில் நிறம் எப்படி விழும் என்ற கணக்கு) இருக்கிறதோ அதற்கு மாற்றும். செட்டிங்ஸை யாரும் தொடாமல் விட்டிருந்தால் பெரும்பாலான கணினிகளில் அது யுஎஸ் வெப் கோட்டட் ஸ்வாப் வி2 ஆக இருக்கும். அமெரிக்காவில் பத்திரிகைகள் அச்சிடும் ரோல் பேப்பர் மெஷினுக்காக உருவான ப்ரொஃபைல் அது. நாம் அச்சிடுவதோ தனித்தனித் தாளாக ஓடும் ஷீட் ஃபெட் ஆஃப்செட்டில், மேலே பூச்சுள்ள ஆர்ட் பேப்பரில். அதனால் நான் எடிட் மெனுவில் இருக்கும் கன்வெர்ட் டு ப்ரொஃபைல் வழியாகத்தான் போகிறேன். எந்த ப்ரொஃபைல், எந்த ரெண்டரிங் இன்டென்ட் (அச்சில் எட்டாத நிறங்களை எப்படிச் சமாளிப்பது என்ற விதி), லேயர்களை ஒன்றாக்க வேண்டுமா என்று எல்லாம் கண்முன்னே இருக்கும். அச்சகத்தில் சொந்த ப்ரொஃபைல் இருந்தால் அது. இல்லையென்றால் ஆர்ட் பேப்பருக்கு கோட்டட் ஃபோக்ரா39 வைத்து மாற்றுகிறேன். அதே மெனுவில் பக்கத்திலேயே அசைன் ப்ரொஃபைல் என்று ஒன்று இருக்கிறது. அது பிக்சல் எண்களைத் தொடாது, அந்த எண்களுக்கு வேறு அர்த்தம் கொடுக்கும். இந்த இடத்தில் அதற்கு வேலையே இல்லை.

ரெண்டரிங் இன்டென்ட்டில் புடவைக்குத் தனிக் கவனம் வேண்டும். மாறாமல் விட்டால் ரிலேட்டிவ் கலரிமெட்ரிக் இருக்கும். அச்சில் எட்டக்கூடிய நிறங்களை அப்படியே விட்டுவிட்டு, எட்டாத நிறங்களை மட்டும் எல்லைக்குள் வெட்டி வைக்கும். நிறம் ஓரளவு அடங்கிய படங்களுக்கு அதுதான் நல்லது. ஆனால் அடர்ந்த வாடாமல்லிப் பட்டில் மடிப்புக்கு மடிப்பு வித்தியாசம் இருக்கும். அத்தனையும் எல்லைக்கு வெளியே இருந்தால் ரிலேட்டிவ் எல்லாவற்றையும் ஏறக்குறைய ஒரே நிறத்துக்குக் கொண்டுவந்துவிடும். மடிப்பு போய், புடவை பெயின்ட் அடித்த பலகையாகத் தெரியும். பெர்செப்சுவல் போட்டால் மொத்தப் படமும் கொஞ்சம் அடங்கும், ஆனால் மடிப்புகளும் ஜரிகைக் கோடும் பிரிந்து நிற்கும். புடவை வாங்குகிறவர் மடிப்பில் விழும் ஒளியைப் பார்த்துத்தான் பட்டா இல்லையா என்று தீர்மானிக்கிறார். அதனால் இந்தப் படங்களுக்கு நான் பெர்செப்சுவல் பக்கம்.

மாற்றியபிறகும் கையால் சரிசெய்ய வேண்டிய வேலை இருக்கிறது. நீலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஆர்ஜிபியின் சுத்தமான நீலம் 0, 0, 255. ஸ்வாப் வி2 வழியாக மாற்றினால் சயான் 88 சதவீதம், மெஜந்தா 77 சதவீதம் என்று வரும். சயானுக்கும் மெஜந்தாவுக்கும் இடைவெளி இவ்வளவு குறைவாக இருந்தால் தாளில் ஊதாதான் வரும். எம்.எஸ். நீலப் புடவையும் இப்படித்தான் தடம் மாறுகிறது. செலக்டிவ் கலரில் ப்ளூஸ் எடுத்து மெஜந்தாவைக் குறைக்கிறேன். சயானைவிட முப்பது புள்ளியாவது கீழே இருந்தால் நீலம் நீலமாக நிற்கும். வாடாமல்லிக்கு மெஜந்தாஸ் எடுத்து அதற்குள் கலந்திருக்கும் மஞ்சளையும் கருப்பையும் வெளியேற்ற வேண்டும். திரையில் இருந்த அளவு வராது, ஆனால் அழுக்கு போய்விடும். கிளிப்பச்சை கடைசி வரை முரண்டு பிடிக்கும். ஆர்ஜிபியின் சுத்தப் பச்சைக்கு அதே ப்ரொஃபைலில் சயான் 63, மஞ்சள் 100 என்றுதான் கிடைக்கும், இங்க்கில் அதற்கு மேல் ஒளி இல்லை. கடைக்காரர் அந்த நிறத்தில் பிடிவாதமாக இருந்தால் ஐந்தாவது கலராக ஸ்பாட் இங்க், அதாவது அந்த நிறத்திலேயே கலந்த தனி மை, ஓட்ட வேண்டும். அதற்குத் தனி பிளேட், தனிச் செலவு. முன்கூட்டியே அவரிடம் சொல்லிவிடுவது நல்லது.

எல்லைக்கு வெளியே இருப்பதை முன்கூட்டியே பார்க்க ஃபோட்டோஷாப்பில் வியூ மெனுவில் ப்ரூஃப் செட்டப்பும் காமட் வார்னிங்கும் இருக்கின்றன. கன்ட்ரோல் ஒய் அழுத்தினால் ஃபைல் ஆர்ஜிபியிலேயே இருக்கும், திரை மட்டும் அச்சில் எப்படி வரும் என்று காட்டும். நான் கலர் கரெக்‌ஷனில் பெரும்பகுதியை இந்த நிலையில்தான் செய்கிறேன். வைப்ரன்ஸ் மாதிரி சில அட்ஜஸ்ட்மென்ட்டுகள் சிஎம்ஒய்கேயில் கிடைக்காது, சில ஃபில்டர்களும் ஓடாது. ஸ்க்ரீன், ஓவர்லே போட்ட லேயர்கள் மோட் மாறியதும் வேறு மாதிரித் தெரியும், ஏனென்றால் கணக்கே வேறு நிறங்களில் நடக்கிறது. ஒளிவட்டம், பளபளப்பு எல்லாம் ஆர்ஜிபியில் முடித்து, லேயர்களைச் சேர்த்த காப்பியைத்தான் மாற்ற வேண்டும். அஃபினிட்டியில் இந்த முன்னோட்டம் சாஃப்ட் ப்ரூஃப் என்று ஒரு அட்ஜஸ்ட்மென்ட் லேயராகவே வருகிறது. கண்ணெதிரே லேயர் பேனலில் இருப்பது எனக்குப் பிடித்திருக்கிறது. எக்ஸ்போர்ட்டுக்கு முன் அதை அணைத்தாக வேண்டும், இல்லையென்றால் ஃபைலில் அதுவும் சேர்ந்து போய்விடும்.

சரி, எழுத்துக்கு வருவோம். நான் மிகவும் கவலைப்படுவது கருப்புக்குத்தான்.

இல்லஸ்ட்ரேட்டரில் ஒரு டாக்குமென்ட்டுக்கு ஒரே கலர் மோட். ஃபைல் மெனுவில் டாக்குமென்ட் கலர் மோடை மாற்றினால் உள்ளே இருக்கும் எல்லாமே மாறும். ஆர்ஜிபியில் 0, 0, 0 ஆக இருந்த கருப்பு எழுத்து அதே ஸ்வாப் ப்ரொஃபைலில் சயான் 75, மெஜந்தா 68, மஞ்சள் 67, கருப்பு 90 ஆகிவிடும். கூட்டிப் பாருங்கள், 300. ஓரிடத்தில் விழக்கூடிய மொத்த இங்க்குக்கு அந்த ப்ரொஃபைல் வைத்திருக்கும் வரம்பை அப்படியே தொடுகிறது. எட்டுப் புள்ளி அளவில் தமிழ் எழுத்து கலருக்கு ஒன்றாக நாலு பிளேட்டில் ஓடுவதை நினைத்துப் பாருங்கள். ஒரு பிளேட் மயிரிழை நகர்ந்தாலும் க், ட் மேலிருக்கும் புள்ளியைச் சுற்றி சிவப்பாகவோ நீலமாகவோ நிழல் விழும். ணகரத்தின் சுழிக்குள் இருக்கும் வெள்ளை அடைத்துக்கொள்ளும். இங்கிலீஷ் எழுத்தைவிட நம் எழுத்தில் சுழியும் புள்ளியும் அதிகம் என்பதால் கெடுதலும் அதிகம். "அண்ணே, கருப்புல நாலு கலரும் ஓடுது, ரெஜிஸ்டர் நிக்காது" என்று மெஷின் ஓட்டுகிறவர்கள் ஃபோன் செய்வது இதற்காகத்தான்.

திரையில் இதைக் கண்டுபிடிப்பதும் சுலபமில்லை. இல்லஸ்ட்ரேட்டர், இன்டிசைன் இரண்டிலும் ப்ரிஃபரன்ஸில் அப்பியரன்ஸ் ஆஃப் பிளாக் என்ற இடத்தில், எல்லாக் கருப்பையும் ரிச் பிளாக்காக (மற்ற கலர்களும் சேர்ந்த அடர்கருப்பாக) காட்டு என்பது வழக்கமான செட்டிங். வெறும் கருப்பு 100-ம் நாலு கலர் கருப்பும் கண்ணுக்கு ஒன்றுபோலவே இருக்கும். அதை அக்யூரேட் என்று மாற்றினால் வித்தியாசம் உடனே தெரியும். புதுக் கணினியில் நான் முதலில் தொடுவது இதைத்தான். மாறிப்போன கருப்பைச் சரிசெய்ய செலக்ட் மெனுவில் சேம் ஃபில் கலர் எடுத்து மொத்தமாகக் கருப்பு 100 கொடுக்கலாம். மஞ்சள் பின்னணியில் கருப்பு எழுத்து இருந்தால் ஓவர்பிரிண்ட் பிளாக்கும் கொடுத்துவிடுகிறேன், அடியில் இருக்கும் நிறத்தை வெட்டாமல் அதன் மேலேயே கருப்பு விழும். இன்டிசைனில் பிளாக் ஸ்வாட்ச் தானாகவே ஓவர்பிரிண்ட் ஆகும். வெள்ளை எழுத்துக்கு மட்டும் ஓவர்பிரிண்ட் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள், விழுந்தால் அச்சில் எழுத்தே இருக்காது.

கோரல்டிரா நம் ஊர் டிடிபி கடைகளின் வீட்டு மென்பொருள். இதில் ஒரே ஃபைலில் ஆர்ஜிபிப் பொருளும் சிஎம்ஒய்கேப் பொருளும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும். வேலை செய்ய சௌகரியம், அனுப்பும்போது ஆபத்து. பழைய பத்திரிகை ஃபைலிலிருந்து விநாயகர் படத்தை ஒட்டுவோம், வேறொன்றிலிருந்து குத்துவிளக்கு, வாட்ஸ்அப்பில் வந்த லோகோ ஒன்று, ஆளுக்கொரு கலர் மோடில். ஃபைண்ட் அண்ட் ரீப்ளேஸில் கலர் மாடலை மொத்தமாக மாற்றும் வசதி இருக்கிறது, அதை ஓட்டிவிட்டு, கருப்பு எழுத்தை மட்டும் தனியாகச் சோதிக்க வேண்டும். பிடிஎஃப் எடுக்கும்போது அவுட்புட் கலர்ஸ் நேட்டிவ் என்றிருந்தால் உள்ளே இருக்கிற கலவை அப்படியே வெளியே போகும்.

எந்த மென்பொருளிலிருந்து வந்தாலும் கடைசிச் சோதனை அக்ரோபேட் ப்ரோவின் அவுட்புட் ப்ரிவ்யூவில். சயான், மெஜந்தா, மஞ்சள் மூன்றின் டிக்கையும் எடுத்தால் கருப்பு பிளேட் மட்டும் நிற்கும். பிறகு கருப்பை அணைத்து மற்ற மூன்றைப் போடுங்கள். எழுத்து மறைந்தால் நல்லது, எங்காவது பழுப்பாகத் தெரிந்தால் அந்த எழுத்து நாலு கலரில் இருக்கிறது. அதே இடத்தில் டோட்டல் ஏரியா கவரேஜில் வரம்பைக் கொடுத்தால் அதைத் தாண்டும் இடங்கள் நிறமடித்துக் காட்டப்படும். ஆர்ட் பேப்பரில் 300 வரை விடுகிறேன். பூச்சில்லாத மேப்லித்தோ தாள் அவ்வளவு தாங்காது. நியூஸ்பிரிண்ட் விளம்பரம் என்றால் 240-க்குள் அடக்குகிறேன். மீறினால் இங்க் காய நேரமாகும், அடுக்கிய தாளின் பின்பக்கத்தில் ஒட்டும். புடவைக் கேட்டலாக்கில் இது அடிக்கடி நடப்பது அரக்கு நிறத்திலும் மாடல்களின் கூந்தலிலும். இதற்காகத்தான் தாள் முடிவாகும் வரை படங்களை மாற்றாதீர்கள் என்கிறேன். ஆர்ட் பேப்பருக்கு மாற்றிய படத்தை மேப்லித்தோவில் அடித்தால் நிழல் பகுதி முழுக்கக் கருத்துவிடும்.

வேலை முடிந்து ஒரு வாரத்தில் பார்ட்டியிடமிருந்து வரும் அடுத்த கோரிக்கை, "அதையே வாட்ஸ்அப்புக்கு அனுப்புங்க சார்". அச்சு ஃபைலைத் திரும்ப ஆர்ஜிபி ஆக்கினால் போன நிறம் வராது. வாடாமல்லி எங்கே வெட்டப்பட்டதோ அங்கேயே நிற்கும். சிஎம்ஒய்கே ஜேபெக்கை அப்படியே அனுப்பினால் சில ஃபோன்களில் நிறம் கண்ணைக் குத்தும். அதற்குத்தான் ஒவ்வொரு வேலைக்கும் இரண்டு ஃபோல்டர் வைத்திருக்கிறேன். மாஸ்டர் ஃபோல்டரில் லேயரோடு ஆர்ஜிபிப் படங்கள், அச்சு ஃபோல்டரில் தாளின் பெயரும் ப்ரொஃபைலின் பெயரும் சேர்ந்த ஃபைல்கள். வாட்ஸ்அப்புக்கும் இன்ஸ்டாகிராமுக்கும் மாஸ்டரிலிருந்து, திரைகளுக்கான பொது ப்ரொஃபைலான எஸ்ஆர்ஜிபியில் ஜேபெக் எடுத்து அனுப்புகிறேன். அதே புடவையை அடுத்த வருடம் வேறு தாளில் அச்சிட்டாலும் மாஸ்டரைத்தான் திறக்கிறேன்.