ஸ்கேனரில் கோளாறா, என்னிடமா? யூனிடன் பிசி125ஏடி இரண்டு மாதம்

ஹாம், அதாவது பொழுதுபோக்காக ரேடியோவில் பேசும் நண்பர் ஒருவர் புதிது வாங்கிவிட்டு, தன் பழைய யூனிடன் பிசி125ஏடி கையடக்க ஸ்கேனரை, அதாவது பல அலைவரிசைகளை மாறி மாறித் தேடும் ரேடியோவை, என் தலையில் கட்டினார். இதில் கேட்க மட்டும்தான் முடியும், பேச முடியாது. சேனலுக்கு ஓர் அலைவரிசை என்று சேமித்து வைக்க மொத்தம் 500 சேனல், பேங்க் என்ற தொகுப்புக்கு 50 வீதம் 10 பேங்க்.

முதல் வாரம் அழாத குறை. சேலம் அஸ்தம்பட்டி வீட்டு மொட்டை மாடியில் உட்கார்ந்து, ஸ்கேன் ஓடிக்கொண்டிருக்கும்போதே விண்வெளி நிலையத்தின் அலைவரிசையான 145.825 மெகாஹெர்ட்ஸைத் தட்டினேன். அந்த நேரத்தில் எண்களைத் தட்டினால் அது அலைவரிசை என்று எடுத்துக்கொள்ளாது. அந்தந்த எண்ணுள்ள பேங்கை அணைக்கும், மறுபடி தட்டினால் போடும். அப்படி 1, 4, 5, 8, 2 எல்லாம் வரிசையாக அணைந்து, கடைசியில் தட்டிய 5 மட்டும் திரும்ப உயிர் பெற்றது. பெட்டியில் ஏற்கெனவே இருந்த சேனல்களோ முதல் பேங்கில். பெட்டி பழுது என்றே முடிவு கட்டி நண்பருக்கு போன் போட்டேன்.

"ஹோல்டு அமுக்குனீங்களா?"

"அது எதுக்குங்க?"

சிரித்துவிட்டு போனை வைத்துவிட்டார். அவ்வளவுதான் விஷயம். ஹோல்டு அழுத்தி ஸ்கேனை நிறுத்தி, சேனல் எண்ணுக்குப் போய், அப்புறம் புரோகிராமுக்குள் நுழைந்து அலைவரிசை தர வேண்டும். யூஎஸ்பி கேபிள் போட்டுக் கணினியிலும் ஏற்றலாம், ஆனால் முதல் பத்து சேனலையாவது கையால் போடுங்கள், இல்லாவிட்டால் எந்த விசை எப்போது என்ன செய்யும் என்பது கடைசிவரை பிடிபடாது.

ஸ்குவெல்ச், அதாவது சிக்னல் இல்லாதபோது வரும் இரைச்சலை அடைக்கும் அமைப்பு, தனிக் கதை. இரைச்சல் பிடிக்காமல் ஒரேயடியாக ஏற்றிவிட்டு ஒரு மாலை முழுக்க மௌனம் கேட்டேன். கரகரப்பு அடங்கும் இடத்துக்கு ஒரு மயிரிழை மேலே, அங்கேயே விட்டுவிட வேண்டும்.

போலீஸ் பேசுவதைக் கேட்கலாம் என்று வாங்க நினைப்பவர்கள் இப்போதே விட்டுவிடுங்கள். ஒட்டுக்கேட்பது வம்பு, டிஜிட்டலில் பேசினால் இதில் வெறும் இரைச்சல்தான் வரும். விமான அலைவரிசை, 118 முதல் 137 மெகாஹெர்ட்ஸ் வரை, நன்றாக வேலை செய்கிறது. மேலே பறக்கும் விமானி பேசுவது தெளிவாக விழும், தூரத்துத் தரை நிலையம் அவருக்குச் சொல்லும் பதில் வராது, மலையும் பூமியின் வளைவும் மறைத்துவிடும். பாதிப் பேச்சைக் கேட்டு மீதியை நாமே ஊகிக்கலாம், பக்கத்து வீட்டு போன் மாதிரி.

போன ஞாயிறு இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி ஏற்காடு லேடீஸ் சீட்டுக்குக் கொண்டுபோனேன். விண்வெளி நிலையம் தலைக்கு மேல் கடக்கிற பத்து நிமிடம், அதே 145.825-இல் அங்கிருந்து வரும் டேட்டா "ப்ர்ர்க்" என்று அரை நொடிச் சத்தமாக, விட்டு விட்டு ஏழெட்டு தடவை. பக்கத்தில் மிளகாய் பஜ்ஜி தின்றுகொண்டிருந்த பையன், "அண்ணா, உங்க ரேடியோ ரிப்பேரா?" என்றான்.