ஆறாம் வகுப்புக்கு எந்தப் பள்ளி: மாநகராட்சியா, மெட்ரிக்கா, சிபிஎஸ்இயா?

மே மாதம் பிறந்தால் எங்கள் தெருவில் இந்தப் பேச்சு தொடங்கிவிடும். இந்த முறை கேட்டவர் எதிர்வீட்டு ஆட்டோ ஓட்டுநரின் மனைவி. அவர் மகள் சென்னை மாநகராட்சித் தொடக்கப் பள்ளியில் தமிழ்வழியில் ஐந்தாம் வகுப்பு முடித்திருக்கிறாள். "இனிமேலாவது நல்ல பள்ளியில் சேர்க்கலாம் என்று இருக்கிறோம், அக்கா. மெட்ரிக்கில் சேர்க்கலாமா, கடன் வாங்கியாவது சிபிஎஸ்இயில் சேர்த்துவிடலாமா?" என்றார். பக்கத்திலேயே மாநகராட்சி மேல்நிலைப் பள்ளி இருக்கிறது. அது அவர் கேள்விக்குள் வரவே இல்லை.

என் மகள் மெட்ரிக்கில் படித்தாள், மகன் சிபிஎஸ்இயில் படித்தான். மாலை வேளைகளில் தெருப் பிள்ளைகள் நான்கைந்து பேர் வீட்டுப்பாடத்தோடு என் திண்ணைக்கு வருவார்கள். அவர்களில் பாதிப் பேர் மாநகராட்சிப் பள்ளிப் பிள்ளைகள். மூன்று வகைப் புத்தகப் பைகளையும் திறந்து பார்த்தவள் என்ற முறையில் அவருக்குச் சொன்னதை இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

முதலில், ஆறாம் வகுப்பை ஐந்துக்கு அடுத்த வகுப்பு என்று மட்டும் எண்ண வேண்டாம். தமிழ்நாட்டில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான பெரிய உரிமைகள் பலவும் அந்த வகுப்பிலிருந்துதான் கணக்கிடப்படுகின்றன. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்து நீட் தேர்விலும் தேறியவர்களுக்கு மருத்துவச் சேர்க்கையில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு 2020இல் சட்டமானது. அதற்கு முந்தைய ஆண்டு அரசுப் பள்ளிகளிலிருந்து எம்பிபிஎஸ் சேர்ந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். சட்டம் வந்த ஆண்டே அந்த எண்ணிக்கை 300ஐத் தாண்டியது. 2021இல் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், சட்டம் போன்ற படிப்புகளுக்கும் அதே 7.5 விழுக்காடு வந்தது. கல்லூரி செல்லும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022இல் தொடங்கியபோதும், ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும் என்பதே தகுதியாக இருந்தது. மாநகராட்சிப் பள்ளி இவற்றுக்கெல்லாம் அரசுப் பள்ளிதான். ஆறாம் வகுப்பில் தனியார் பள்ளிக்குப் போகும் பிள்ளை அன்றே இந்த வரிசையிலிருந்து விலகிவிடுகிறது. ஆயிரக்கணக்கில் கட்டணம் கட்டித் தங்கள் பிள்ளையின் உரிமையை விட்டுக்கொடுக்கிறோம் என்பது பல பெற்றோருக்குத் தெரியாது. எதிர்வீட்டு அம்மாவுக்கும் தெரிந்திருக்கவில்லை.

அடுத்து மெட்ரிக். இந்தச் சொல்லுக்கு நம் ஊரில் இன்னும் இருக்கும் மதிப்பு எனக்கு வியப்பாகவே இருக்கிறது. ஒரு காலத்தில் மெட்ரிக்குலேஷன் தனிப் பாடத்திட்டமாகத்தான் இருந்தது. மாநில வாரியத்தில் பத்தாம் வகுப்புக்கு 500 மதிப்பெண் என்றால் மெட்ரிக்கில் 1,100. ஆங்கிலோ இந்தியன், ஓரியண்டல் என்று வேறு இரண்டு வாரியங்களும் இருந்தன. நான்கையும் ஒன்றாக்கும் சமச்சீர் கல்விச் சட்டம் 2010இல் வந்தது. அந்தக் கல்வியாண்டில் ஒன்றாம், ஆறாம் வகுப்புகளில் பொதுப் புத்தகம் நுழைந்தது. 2011இல் ஆட்சி மாறியதும் அதை நிறுத்தி வைக்கப் பார்த்தார்கள். அச்சடித்த புத்தகங்கள் கிடங்கில் கிடக்க, பள்ளி திறந்து வாரக்கணக்கில் பிள்ளைகள் புத்தகமில்லாமல் உட்கார்ந்திருந்தார்கள். அந்த ஆகஸ்ட்டில் உச்ச நீதிமன்றம் சமச்சீர் கல்வியை நடைமுறைப்படுத்தியே ஆக வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அன்றிலிருந்து மெட்ரிக் என்பது பள்ளியின் பெயர்ப்பலகையில் மட்டும்தான் இருக்கிறது. புத்தகம் ஒன்று, தேர்வு ஒன்று, மதிப்பெண் ஒன்று. மாநகராட்சிப் பள்ளியில் இலவசமாகக் கிடைக்கும் அதே புத்தகத்தை இங்கே காசு கொடுத்து வாங்குகிறோம்.

அப்படியானால் கட்டணம் எதற்காக? ஆங்கிலம், கட்டுப்பாடு, தேர்ச்சி விழுக்காடு என்பார்கள். ஆங்கிலவழி வகுப்புகள் அரசுப் பள்ளிகளிலும் 2012க்குப் பிறகு பரவலாக வந்துவிட்டன. தேர்ச்சி விழுக்காட்டைப் பற்றி என் அனுபவத்தைச் சொல்கிறேன். என் மகள் ஒன்பதாம் வகுப்பில் இருந்தபோது காலாண்டுத் தேர்வு முடிந்த கையோடு பத்தாம் வகுப்புப் புத்தகத்தைத் தொடங்கிவிட்டார்கள். பதினொன்றாம் வகுப்பு கிட்டத்தட்ட நடக்கவே இல்லை. இரண்டு ஆண்டுகளும் பன்னிரண்டாம் வகுப்புப் பாடம்தான். பொதுத் தேர்வில் அவள் நல்ல மதிப்பெண் வாங்கினாள். கல்லூரியில் முதல் பருவத்தில் வெக்டரும் வகை நுண்கணிதமும் வந்தபோது திணறிப்போய், இரவு பத்து மணிக்கு என்னிடம் பதினொன்றாம் வகுப்புக் கணிதப் புத்தகத்தைப் பரணிலிருந்து எடுத்துத் தரச் சொன்னாள். புத்தகம் அட்டை மடங்காமல் புதிதாகவே இருந்தது. அந்தக் காட்சியை நான் மறக்கவில்லை.

இந்தப் பழக்கத்துக்குக் கடிவாளம் போடத்தான் 2017-18இல் பதினொன்றாம் வகுப்புக்கும் பொதுத் தேர்வைக் கொண்டுவந்தார்கள். 2025 ஆகஸ்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கையை ஒட்டி அந்தத் தேர்வு கைவிடப்பட்டது. மூன்று ஆண்டுகள் தொடர்ந்து பொதுத் தேர்வு எழுதுவது பிள்ளைகளுக்குச் சுமை என்ற காரணத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கடிவாளம் இல்லாதபோது என்ன நடந்தது என்பதை என் வீட்டிலேயே பார்த்தவள் நான். மெட்ரிக் பள்ளியில் சேர்க்கப் போகிறவர்கள் கட்டடத்தைச் சுற்றிப் பார்ப்பதைவிட, அங்கே படிக்கும் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை ஒன்றிடம் "இப்போது எந்தப் பாடம் நடக்கிறது?" என்று ஜனவரி மாதத்தில் கேட்டுப் பார்ப்பது நல்லது.

சிபிஎஸ்இ வேறு கதை. இங்கே புத்தகமே வேறு, ஆகவே ஒப்பீட்டுக்கு உண்மையான பொருள் இருக்கிறது. அதன் பலங்களை மறைக்க மாட்டேன். பத்தாம் வகுப்பு வினாத்தாளில் பாதி மதிப்பெண் ஒரு சூழலைக் கொடுத்து யோசிக்கவைக்கும் வினாக்களுக்குப் போகிறது. புத்தகத்தின் பின்பக்க வினாக்களை நெட்டுருப் போட்டுத் தப்பிக்க முடியாது. சிபிஎஸ்இ பள்ளிகளுக்குப் புத்தகம் எழுதும் மத்திய அமைப்பான என்சிஇஆர்டியின் கணிதப் புத்தகத்தில் பயிற்சிகள் ஒன்றிலிருந்து ஒன்று படிபோல ஏறும். என் மகன் அதில்தான் கணக்கை விரும்பத் தொடங்கினான். பெற்றோருக்கு ஊர் ஊராக மாற்றல் வரும் வேலை என்றால் வேறு யோசனையே வேண்டாம், சிபிஎஸ்இதான்.

ஆனால் "சிபிஎஸ்இ புத்தகம் என்றாலே தரம் அதிகம்" என்ற நம்பிக்கையை வரிக்கு வரி சரிபார்க்க வேண்டும். சுமையைக் குறைக்கிறோம் என்று நடந்த பாடக் குறைப்பில், 2023இல் வந்த என்சிஇஆர்டி பத்தாம் வகுப்பு அறிவியல் நூலிலிருந்து பரிணாமமும் தனிமங்களின் ஆவர்த்தன வகைப்பாடும் போய்விட்டன. பதினொன்று, பன்னிரண்டில் அறிவியல் பிரிவு எடுப்பவர்களுக்கு மட்டும் அவை திரும்ப வரும். வணிகவியல் எடுக்கும் பிள்ளை டார்வினைப் பள்ளியில் சந்திக்காமலே போகலாம். நம் மாநிலப் பத்தாம் வகுப்பு அறிவியல் நூலிலோ இரண்டும் தனித்தனிப் பாடங்களாகவே இருக்கின்றன. சமூக அறிவியலை எடுத்துக்கொண்டால் இடைவெளி இன்னும் பெரிது. மாநிலப் புத்தகத்தில் தமிழ்நாட்டின் சமூக மாற்றங்களுக்கென்றே ஒரு பாடம் உண்டு. அயோத்திதாசரும் இரட்டைமலை சீனிவாசனும் பெரியாரும் அங்கே வருகிறார்கள். எதிர்வீட்டுப் பெண்ணின் பாட்டனார் காலத்தில் இந்த நகரத்தில் எந்தத் தெருவில் யார் நடக்கலாம், யார் படிக்கலாம் என்பது எப்படி இருந்தது, எப்படி மாறியது என்று அவளுக்குத் தெரிய வேண்டாமா? அகில இந்தியப் புத்தகத்தில் அதற்கு இடம் குறைவு.

2018இல் தொடங்கி இரண்டு கட்டமாக வந்த மாநிலப் புத்தகங்கள், அதற்கு முந்தையவற்றோடு ஒப்பிடவே முடியாதவை. கியூஆர் குறியீட்டைக் கைபேசியில் காட்டினால் காணொலி திறக்கும். மேல்நிலை இயற்பியல், உயிரியல் நூல்கள் போட்டித் தேர்வுகளை மனத்தில் வைத்தே எழுதப்பட்டன. குறை என்று சொன்னால் அவற்றின் பருமன்தான். ஓர் ஆண்டுக்குள் முடிக்க முடியவில்லை என்று ஆசிரியர்களே அலுத்துக்கொண்டார்கள். நல்ல புத்தகம் இருந்தும் வினாத்தாள் பழைய தடத்தில் ஓடினால் பிள்ளை மீண்டும் கையேட்டுக்குத்தான் போகும். இந்த ஒரு விஷயத்தில் சிபிஎஸ்இ முந்தி நிற்கிறது.

எனக்கு இவை எல்லாவற்றையும்விட முக்கியமாகப் படுவது வேறொன்று. பிள்ளை கொண்டுவரும் புத்தகத்தை அந்த வீட்டில் யாரால் படிக்க முடியும்? என் மகனின் ஆறாம் வகுப்பு வரலாற்றை நான் உட்கார்ந்து சொல்லித்தர முடிந்தது. கல்லூரி படித்தவள் என்பதால் முடிந்தது. அப்படியும் எட்டாம் வகுப்பில் டியூஷன் தேவைப்பட்டது. எதிர்வீட்டு அம்மா பத்தாம் வகுப்பு வரை தமிழில் படித்தவர். மகளின் ஐந்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தைச் சமையல் செய்துகொண்டே அவர் வாசித்துக் கேள்வி கேட்பதை நான் பார்த்திருக்கிறேன். அந்தப் பெண் தப்பாகச் சொன்னால் "இன்னொரு தடவை படி" என்பார். சிபிஎஸ்இயில் சேர்த்த நாளோடு அந்தக் கேள்விகள் நின்றுவிடும். கட்டணத்தோடு டியூஷன் செலவும் சேரும். இத்தனை ஆண்டுகள் மகளுக்கு முதல் ஆசிரியையாக இருந்த தாய், பையைத் தூக்கிக் கொடுப்பவராக மட்டும் மிஞ்சுவார்.

இனி மாநகராட்சிப் பள்ளி. 1920இல், நீதிக்கட்சியின் தியாகராயர் மாநகராட்சித் தலைவராக இருந்தபோது, ஆயிரம் விளக்குப் பள்ளியில் ஏழைப் பிள்ளைகளுக்கு மதிய உணவு போட்டுத் தொடங்கிய நிர்வாகம் இது. காலைச் சிற்றுண்டியும் ஒன்று முதல் ஐந்து வரை வந்துவிட்டது. இன்று மாநகராட்சியிடம் 400க்கும் மேற்பட்ட பள்ளிகள் இருக்கின்றன. எல்லாம் ஒரே தரம் என்று சொன்னால் பொய்யாகிவிடும். சில பள்ளிகளில் ஆய்வுக்கூடமும் கணினி அறையும் எந்தத் தனியார் பள்ளிக்கும் இளைத்தவை அல்ல. சிலவற்றில் கணித ஆசிரியர் பணியிடம் மாதக்கணக்கில் காலியாகக் கிடக்கும், கழிப்பறையில் தண்ணீர் வராது. என் திண்ணைக்கு வரும் ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் இன்னமும் எழுத்துக் கூட்டித்தான் வாசிக்கிறான். இப்படிப்பட்ட பிள்ளைகள் இருக்கிறார்கள் என்பதால்தான் 2022இல் எண்ணும் எழுத்தும் திட்டத்தைத் தொடங்கி, முதல் மூன்று வகுப்புகளில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகப் பிரித்துச் சொல்லிக்கொடுத்தார்கள். பிறகு அது ஐந்தாம் வகுப்பு வரை நீண்டது. பிள்ளை எந்த வகுப்பில் இருக்கிறது என்று பார்க்காமல் எந்த நிலையில் இருக்கிறது என்று பார்த்துத் தொடங்குவது எனக்குத் தெரிந்து எந்த மெட்ரிக் பள்ளியிலும் இல்லை. அங்கே அப்படிப்பட்ட பிள்ளைக்கு மாற்றுச் சான்றிதழைத்தான் நீட்டுவார்கள்.

பெற்றோருக்கு அங்கே ஒரு நாற்காலியும் இருக்கிறது. பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள் என்பது கட்டாயக் கல்விச் சட்டத்தின் விதி. ஆசிரியர் ஏன் இல்லை, தண்ணீர் ஏன் வரவில்லை என்று கூட்டத்தில் எழுந்து கேட்கலாம். கட்டணம் கட்டும் பள்ளியின் வாயிற்காவலரைத் தாண்டி உள்ளே போவதே நமக்குப் பெரும்பாடு.

அந்தப் பள்ளியில் சேர்ப்பதென்று வந்தாலும் இன்னொரு பிரிவு காத்திருக்கிறது. தமிழ்வழியா, ஆங்கிலவழியா? தமிழ்நாடு அரசுப் பணிகளில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கு 20 விழுக்காடு முன்னுரிமை உண்டு. 2010இல் வந்த அந்தச் சட்டத்தை 2020இல் திருத்தி, பட்டத்தை மட்டும் தமிழில் படித்தால் போதாது, பள்ளிப் படிப்பும் தமிழ்வழியில் இருக்க வேண்டும் என்று ஆக்கினார்கள். ஒன்றாம் வகுப்பிலிருந்து சான்று கேட்கிறார்கள். எதிர்வீட்டுப் பெண்ணின் கையில் ஐந்தாண்டுத் தமிழ்வழிப் படிப்பு இருக்கிறது. ஆறில் ஆங்கிலவழிக்கு மாறினால் அந்த ஐந்தாண்டும் இந்தக் கணக்கில் வீண்.

இதையெல்லாம் சொல்லிவிட்டு என் முடிவையும் மறைக்காமல் சொன்னேன்: மாநகராட்சி மேல்நிலைப் பள்ளி, தமிழ்வழி, மிச்சமாகும் கட்டணப் பணத்தில் ஒரு நல்ல ஆங்கிலப் பேச்சு வகுப்பு. சேர்க்கும் முன் கணிதத்துக்கும் அறிவியலுக்கும் நிரந்தர ஆசிரியர் இருக்கிறாரா, பன்னிரண்டு வரை அறிவியல் பிரிவு உண்டா, பெண்பிள்ளைகளுக்கான கழிப்பறை எப்படி இருக்கிறது என்று மூன்றையும் கண்ணால் பார்த்துவிட்டு வரச் சொன்னேன். கணித ஆசிரியர் இடம் காலியாக இருந்தால் அடுத்த வட்டத்துப் பள்ளியைப் பார்க்கவும் சொன்னேன்.

ஜூன் முதல் வாரத்தில் தாயும் மகளும் போய் வந்தார்கள். அறிவியல் பிரிவு இருக்கிறது, ஆசிரியர்கள் இருக்கிறார்கள், கழிப்பறை சுமார். சேர்த்துவிட்டார்கள், ஆனால் ஆங்கிலவழியில். "அவள் தோழிகள் எல்லாரும் அங்கேதான் போகிறார்கள், அக்கா" என்றார். எனக்கு மனம் ஆறவில்லை. அன்று மாலையே அந்தப் பெண்ணைத் திண்ணைக்கு வரச் சொல்லி, ஆறாம் வகுப்பு அறிவியலைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் இரண்டு புத்தகமாக முன்னால் வைத்தேன். அவள் அம்மா தமிழ்ப் புத்தகத்தை எடுத்துக்கொண்டார்.