கேமுக்கும் ஆபீஸ் வேலைக்கும் ஒரே ஓஎல்இடி மானிட்டர்: எதை வாங்கலாம், எதை விடலாம்

உயர்ரக ஓஎல்இடி (ஒவ்வொரு பிக்சலும் தானே ஒளிரும் திரை) மானிட்டர் பெட்டிகளில் பெரிய எழுத்தில் அச்சடிக்கப்படுபவை 240 ஹெர்ட்ஸ் (வினாடிக்கு எத்தனை முறை படம் மாறும்), 0.03 மில்லிசெகண்ட் (பிக்சல் நிறம் மாற எடுக்கும் நேரம்) போன்ற எண்கள். அவற்றை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. பிக்சல் நிறம் மாறும் வேகத்தில் எல்லா ஓஎல்இடியும் ஏறக்குறைய ஒன்றுதான். மாலையில் மட்டும் கேம் ஆட வாங்குபவர் பிடித்த அளவில் ஒன்றை எடுத்துக்கொண்டு போகலாம். பகல் முழுக்க எக்செல், பிரவுசர், கோடிங், இரவில் கேம் என்பவர் பார்க்க வேண்டியவை வேறு: எழுத்து எப்படித் தெரிகிறது, அறையில் எவ்வளவு வெளிச்சம் இருக்கிறது.

பிராண்ட் எதுவாக இருந்தாலும் உள்ளே இருக்கும் பேனல் பெரும்பாலும் இரண்டில் ஒன்று. சாம்சங் டிஸ்ப்ளே தயாரிக்கும் க்யூடி-ஓஎல்இடி, அல்லது எல்ஜி டிஸ்ப்ளே தயாரிக்கும் டபிள்யூ-ஓஎல்இடி. சாதாரண எல்சிடியில் ஒவ்வொரு பிக்சலிலும் சிவப்பு, பச்சை, நீலம் வரிசையாக நிற்கும். விண்டோஸின் கிளியர்டைப் அந்த வரிசையை நம்பித்தான் எழுத்தின் ஓரத்தை மென்மையாக்குகிறது. க்யூடி-ஓஎல்இடியில் இவை முக்கோணமாக இருக்கின்றன, பச்சை மேலே, மற்ற இரண்டும் கீழே. டபிள்யூ-ஓஎல்இடியில் நான்காவதாக ஒரு வெள்ளையும் உண்டு. இரண்டிலும் கிளியர்டைப்பின் கணக்கு தப்பிவிடுகிறது.

தமிழில் இது சட்டென்று தெரியும். ட, ப, ம எல்லாம் நீளமான கிடைக்கோட்டில் உட்காரும் எழுத்துகள். முதல் தலைமுறை க்யூடி-ஓஎல்இடியில் வெள்ளைப் பின்னணியில் 'படம்' என்று சிறிய எழுத்தில் அடித்து, கண்ணை அருகே கொண்டுபோய்ப் பாருங்கள். அடிக்கோட்டின் ஒரு ஓரம் பச்சையாகவும் மறு ஓரம் இளஞ்சிவப்பாகவும் தெரியும். ம் மீதுள்ள புள்ளியும் கொஞ்சம் கலங்கியிருக்கும். 2022இல் வந்த ஏலியன்வேர் ஏடபிள்யூ3423டிடபிள்யூ மீது இந்தக் குறைதான் அதிகம் சொல்லப்பட்டது.

இதற்கு மென்பொருள் வைத்தியம் பாதிதான் வேலை செய்யும். கிளியர்டைப் டியூனரை ஓட்டிப் பார்க்கலாம், மேக்டைப் என்ற செயலியைப் போட்டு எழுத்தின் ஓரத்தைச் சாம்பல் நிற மென்மைக்கு மாற்றலாம். உண்மையான மருந்து பிக்சல் அடர்த்திதான். 27 அங்குலத்தில் 1440பி, 34 அங்குல அல்ட்ராவைடு இரண்டும் அங்குலத்துக்குச் சுமார் 110 பிக்சல். எழுத்து வேலைக்கு இது எல்லைக்கோடு. 32 அங்குல 4கே என்றால் 140. வழக்கமான தூரத்தில் உட்கார்ந்தால் நிற ஓரம் பெரும்பாலோருக்குத் தெரியாது. 2025இல் வந்த 27 அங்குல 4கே பேனல்களில் 166. அங்கே இது பேச்சே இல்லை. 45 அங்குலத்தில் 3440 க்கு 1440 என்று விற்பவற்றை எழுத்து வேலைக்கு நினைக்கவே வேண்டாம், அடர்த்தி 84தான். 2026 தொடக்கத்தில் இரு நிறுவனங்களும் மூன்று நிறத்தையும் வரிசையாக அடுக்கிய புதுப் பேனல்களை அறிவித்திருக்கின்றன. அவசரமில்லாதவர்கள் அவற்றுக்காகக் காத்திருப்பதில் அர்த்தம் உண்டு.

அடுத்தது வெளிச்சம். பெரும்பாலான க்யூடி-ஓஎல்இடியில் போலரைசர், அதாவது வெளியொளி திரும்பித் தெறிப்பதைத் தடுக்கும் படலம், கிடையாது. அதனால் ஜன்னல் ஒளியோ தலைக்கு மேலே டியூப்லைட்டோ பட்டால் கருப்பு கருப்பாக இராது, ஊதா கலந்த சாம்பலாக வெளுக்கும். இருட்டில் அதே திரை கரிக்கருப்பு. டபிள்யூ-ஓஎல்இடி வெளிச்சத்திலும் கருப்பைக் காப்பாற்றும். ஆனால் அதன் மேட் பூச்சு வெள்ளைப் பக்கங்களில் நுண்ணிய மணல் தூவியதுபோல் தெரியலாம். ஜன்னலைத் திருப்பி வைக்க முடியாது, மேசையைத் திருப்பலாம். அதுவும் முடியாதென்றால் டபிள்யூ-ஓஎல்இடி.

பிரகாசம் பற்றி ஒரு மாயை இருக்கிறது. பெட்டியில் 1000 நிட்ஸ் என்று போட்டிருப்பது திரையில் 3 சதவீதத்துக்கு மேற்படாத சின்ன ஒளிப்புள்ளிக்கு மட்டும். திரை முழுக்க வெள்ளை என்றால் 32 அங்குலப் பேனல்களில் 250 நிட்ஸ் அளவில் நின்றுவிடும். ஆபீஸ் வேலைக்கு அதுவே தாராளம், 120 முதல் 160 போதும். தொல்லை எச்டிஆரில்தான் (இருட்டும் வெளிச்சமும் கூடுதல் வித்தியாசத்தோடு தெரியும் படமுறை). மானிட்டர் மெனுவில் உள்ள 'பீக் 1000' முறையில் காட்சி முழுதும் வெளிச்சமானால் திரை மொத்தமாக மங்கும்; பனிமலை, பாலைவனம் வரும் கேம்களில் ஏமாற்றமாக இருக்கும். அவற்றுக்கு 'ட்ரூபிளாக் 400' முறையே மேல். குகை, இரவு நகரம், விண்வெளி என்றால் பீக் 1000. எதை வைத்தாலும் ஒவ்வொரு முறைக்கும் விண்டோஸ் எச்டிஆர் கேலிப்ரேஷன் செயலியைத் தனியாக ஓட்டுங்கள். டெஸ்க்டாப்பில் எச்டிஆர் அணைந்தே இருக்கட்டும், தேவைப்படும்போது விண்டோஸ், ஆல்ட், B மூன்றையும் சேர்த்து அழுத்தினால் போதும்.

பர்ன்-இன் (திரையில் நிரந்தரச் சுவடு விழுவது) பயம் நியாயமானது, ஆனால் பலரும் அதைத் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். ஒரு படம் திடீரென்று 'ஒட்டிக்கொள்வது' அல்ல அது. ஒவ்வொரு பிக்சலும் தானே எரியும் விளக்கு. அதிகம் எரிந்தது அதிகம் தேயும். டாஸ்க்பார் இருக்கும் கீழ்ப்பட்டையும், திரையில் அருகருகே திறந்த இரண்டு செயலிகளைப் பிரிக்கும் நடுக்கோடும் மற்ற இடங்களிலிருந்து மாறித் தேயும்போதுதான் சுவடு தெரிகிறது. எனவே டாஸ்க்பாரை மறையும்படி வையுங்கள், கருப்பு வால்பேப்பர், டார்க் மோடு, 5 நிமிடத்தில் திரை அணையும் ஏற்பாடு. எல்லாவற்றையும்விடப் பலன் தருவது பிரகாசத்தைக் குறைப்பதுதான். ஒருபோதும் செய்யக்கூடாதது ஒன்று உண்டு: வேலை முடிந்ததும் சுவர் சுவிட்சை அணைப்பது. சுமார் 4 மணி நேரம் ஓடியபின் பேனல் தன்னைச் சமன் செய்துகொள்ள, ஸ்டாண்ட்பையில் சில நிமிடம் மின்சாரம் வேண்டும். மின்சாரத்தை மிச்சப்படுத்துகிறேன் என்று அதைத் தினமும் தடுத்தால் தேய்மானம் சரிசெய்யப்படாமல் குவியும்.

உத்தரவாத அட்டையில் 'பர்ன்-இன்' என்ற சொல்லே இருக்கிறதா என்று பாருங்கள். மூன்று ஆண்டு என்று மட்டும் போட்டிருந்தால் அது இதையும் சேர்த்ததாக எடுத்துக்கொள்ள முடியாது. ஒரே மென்பொருளின் ஒரே திரையை நாளுக்குப் பத்து மணி நேரம் வைத்திருப்பவர்கள், உதாரணமாகப் பங்குச் சந்தை, கணக்கு, வீடியோ எடிட்டிங், மினி-எல்இடி ஐபிஎஸ் என்ற எல்சிடி வகைப் பக்கம் போவதே நல்லது.

பலரும் வாங்கியபின் கண்டுபிடிக்கும் குறை விஆர்ஆர் மினுக்கல். விஆர்ஆர் என்பது கேமின் பிரேம் வேகத்துக்கேற்பத் திரையின் ஹெர்ட்ஸை மாற்றும் வசதி. திரையின் காமா (இருட்டு முதல் வெளிச்சம் வரையிலான சாயல்களின் அளவீடு) அதிகபட்ச ஹெர்ட்ஸுக்கு ஏற்பச் சீராக்கப்பட்டது. பிரேம் வேகம் 60க்கும் 140க்கும் இடையே குதித்தால் அடர்சாம்பல் பகுதிகளின் பிரகாசமும் கூடவே குதிக்கும். லோடிங் திரைகளிலும் இருட்டு அறைகளிலும் கண்ணை உறுத்தும். பிரேம் வேகத்துக்கு உச்சவரம்பு வைத்து, கிராபிக்ஸ் அமைப்பைக் கொஞ்சம் இறக்கி, வேகத்தைச் சீராக வைத்தால் அடங்கும். அடங்காத கேமுக்கு மட்டும் விஆர்ஆரை அணையுங்கள். இது பழுது அல்ல, எல்லா ஓஎல்இடியிலும் ஏதோ ஓர் அளவில் உண்டு. மாற்றித் தரச் சொல்லிப் பயனில்லை.

கேபிள் விஷயத்தில் பரபரப்பு தேவையில்லை. 4கே, 240 ஹெர்ட்ஸ், 10 பிட் சுருக்காமல் போக 60 ஜிபிபிஎஸ்ஸுக்கு மேல் வேண்டும். டிஸ்ப்ளேபோர்ட் 1.4 தருவது சுமார் 26 மட்டும், அதனால் டிஎஸ்சி சுருக்கம் நுழைகிறது. கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. முழுத்திரை கேமிலிருந்து வெளியே தாவும்போது ஓரிரு வினாடி கருப்புத் திரை வருவதும், பழைய என்விடியா கார்டுகளில் டிஎல்டிஎஸ்ஆர் (கேமை அதிகத் தெளிவில் வரைந்து திரைக்குச் சுருக்கிக் காட்டும் வசதி) கிடைக்காததும்தான் நடைமுறைத் தொந்தரவு. இவற்றுக்காக டிஸ்ப்ளேபோர்ட் 2.1 வேண்டுமென்றால் யுஎச்பிஆர்20 என்று சொல்லியிருக்கிறதா பாருங்கள், '2.1' என்ற எண் மட்டும் 80 ஜிபிபிஎஸ்ஸுக்கு உறுதி தராது.

மாடல்களுக்கு வந்தால், இரண்டு வேலைக்கும் சேர்த்து எம்எஸ்ஐ எம்பிஜி 321யுஆர்எக்ஸ்தான் கணக்குக்குச் சரியாக வருகிறது. தட்டையான 32 அங்குல 4கே, 90 வாட் யுஎஸ்பி-சி, ஒரே கீபோர்டு மவுஸை லேப்டாப்புக்கும் டெஸ்க்டாப்புக்கும் மாற்றித் தரும் கேவிஎம், எல்லாம் உண்டு. அதன் தம்பி எம்ஏஜி 321யுபிஎக்ஸில் பேனல் அதே தரம், ஆனால் யுஎஸ்பி-சி 15 வாட்தான், லேப்டாப் சார்ஜ் ஆகாது, கேவிஎம்மும் இல்லை. பெயரை எழுத்தெழுத்தாகப் படித்து வாங்குங்கள். ஆசுஸ் பிஜி32யுசிடிஎம் இதே வசதிகளோடு கொஞ்சம் நேர்த்தியான கட்டுமானம். ஏலியன்வேர் ஏடபிள்யூ3225க்யூஎஃப் வளைந்த திரை, யுஎஸ்பி-சி வழியே படம் வராது. ஸ்ப்ரெட்ஷீட்டில் நேர்கோடு நேராகத் தெரிய வேண்டும் என்பவர்கள் தவிர்க்கலாம். வெளிச்சமான அறைக்கு எல்ஜி 32ஜிஎஸ்95யுஇ: மேட் திரை, 1080பியில் 480 ஹெர்ட்ஸ் வரை தாவும் வசதி, ஆனால் யுஎஸ்பி-சி கிடையாது. எழுத்தே முதன்மை என்றால் 27 அங்குல 4கே, ஆசுஸ் பிஜி27யுசிடிஎம் அல்லது எம்எஸ்ஐ 272யுஆர்எக்ஸ். விண்டோஸில் 150 சதவீத அளவில் வையுங்கள்.

வந்தவுடன் பெட்டியைத் தூக்கி எறியாமல், இருட்டு அறையில் 5 சதவீதச் சாம்பல் நிறத்தைத் திரை முழுக்கப் போட்டுப் பாருங்கள். மெல்லிய நெடுக்குப் பட்டைகள் இருப்பது சகஜம், ஒரு நிறச்சாயல் பாதித் திரையில் பரவியிருந்தால் சகஜமல்ல. பிறகு முழு வெள்ளை, சிவப்பு, பச்சை, நீலம் போட்டுச் செத்த பிக்சல் இருக்கிறதா என்று பாருங்கள். துடைக்கக் காய்ச்சி வடித்த நீரில் லேசாக நனைத்த மைக்ரோபைபர் துணி போதும். அழுத்த வேண்டாம்; க்யூடி-ஓஎல்இடியின் பூச்சு நகக்கீறலுக்கே தழும்பு வாங்கும்.