ஒரு பல் போனால்: பிரிட்ஜா, இம்ப்ளாண்டா?

கடைவாய்ப் பல் ஒன்று போய்விட்டது என்று வைத்துக்கொள்வோம். பிரிட்ஜ், அதாவது இருபக்கப் பற்களைப் பிடித்து நிற்கும் செயற்கைப் பல் என்றால், சில வாரங்களில் வேலை முடியும், கைச்செலவும் குறைவு. ஆனால் இருபக்கப் பற்களையும் சீவித்தான் அவற்றின் மேல் உறை மாட்டுவார்கள். நல்ல பல்லைச் சீவுவதுதான் எனக்கு உறுத்தல். பல்லின் கடினமான மேலடுக்கான எனாமல் போனால் திரும்ப வளராது. பல் இல்லாத இடத்தில் எலும்பும் மெல்லக் கரையும்.

இம்ப்ளாண்ட் பக்கத்துப் பல்லைத் தொடாது. தாடை எலும்பில் டைட்டானியம் திருகு ஒன்றை இறக்குவார்கள். டைட்டானியத்தோடு எலும்பு ஒட்டி வளர்வதை முயல்களிடம் சோதனை செய்தபோது கண்டவர் சுவீடன் மருத்துவர் பிரானமார்க். 1965இல் மனிதருக்கே பொருத்தினார். ஒட்டுவதற்கு 3 முதல் 6 மாதம் ஆகலாம், அப்புறம்தான் அந்தத் திருகின் மேல் செயற்கைப் பல். புகைப்பவர்களுக்கும், சர்க்கரை கட்டுக்குள் வராதவர்களுக்கும் ஒட்டாமல் போகும் வாய்ப்பு அதிகம். பக்கத்துப் பற்கள் ஏற்கெனவே அடைத்துத் தேய்ந்தவை என்றால், சரி, பிரிட்ஜே போதும்.