ஹோப் டவுனா, மேன்-ஓ-வாரா, நியூ பிளிமத்தா: அபாக்கோ கடலில் எந்தத் துறையில் படகு கட்டுவது?

பஹாமாஸ் நாட்டின் வடபகுதியில், பெரிய அபாக்கோ தீவுக்குக் கிழக்கே, அட்லாண்டிக் அலைகளைத் தடுக்கும் வேலியைப் போலச் சிறு தீவுகள் வரிசையாகக் கிடக்கின்றன. அந்த வேலிக்கும் பெரிய தீவுக்கும் நடுவிலுள்ள ஆழமற்ற நீர்ப்பரப்பைத்தான் அபாக்கோ கடல் என்கிறார்கள். குளிர்காலத்தில் அமெரிக்கக் கரையிலிருந்து பாய்மரப் படகில் வந்து வாரக்கணக்கில் தங்குபவர்கள் எல்போ கீ தீவின் ஹோப் டவுன், மேன்-ஓ-வார் கீ, கிரீன் டர்ட்டில் கீ தீவின் நியூ பிளிமத் ஆகிய மூன்று ஊர்களில் எதில் அதிக நாள் இருப்பது என்று தடுமாறுவது வழக்கம். அமெரிக்க விடுதலைப் போரில் பிரிட்டனின் பக்கம் நின்று தோற்றவர்கள் 1780களில் அபாக்கோவில் குடியேறினார்கள். அவர்களின் வழிவந்தவை இவ்வூர்கள். மரப்பலகை வீடு, வெளிர்நிறப் பூச்சு, கோல்ஃப் வண்டி ஓடும் குறுகிய தெரு என்று மூன்றும் ஒரே சாயலில் இருப்பதால், ஒளிப்படங்களைப் பார்த்து ஊரைத் தேர்ந்தெடுப்பதில் பயனில்லை. உங்கள் படகு நீருக்குள் எத்தனை அடி இறங்கி நிற்கிறது என்பதுதான் முதல் கேள்வி.

ஹோப் டவுன் துறைமுகம் ஏறக்குறைய நான்கு பக்கமும் அடைபட்ட குளம் போன்றது. அதற்குள் நுழையும் கால்வாயில் கடல் வற்றியிருக்கும்போது சுமார் 5 அடி நீர்தான் இருக்கும். ஏற்றத்தின்போது இன்னும் 3 அடி கூடும். ஆகவே 6 அடி இறங்கும் கீல் (படகின் அடியில் நீருக்குள் நீளும் பகுதி) கொண்ட படகுக்காரர், வாசலுக்கு வெளியே நங்கூரமிட்டுக் கடல் ஏறும்வரை காத்திருக்க வேண்டியதுதான். இரட்டை உடல் கொண்ட கேட்டமரன் படகுகளுக்கு அந்தக் கவலை குறைவு. (நம் கட்டுமரம் என்ற சொல் கடல் கடந்து போய், உருவத்தில் கட்டுமரத்தோடு ஒட்டும் உறவும் இல்லாத ஒரு படகுக்குப் பெயராகி நிற்பதை இந்த நீர்ப்பரப்பில் நாள்தோறும் பார்க்கலாம்.) உள்ளே நங்கூரம் போட இடம் கிடையாது. வாடகை மிதவைகளில் ஒன்றைப் பிடித்துக் கட்ட வேண்டும். அவை பெரும்பாலும் முதலில் வந்தவருக்கே என்பதால், வாடைக்காற்று வரப்போகிறது என்ற வானிலை அறிவிப்பு வந்த பிறகு கிளம்பினால் மிதவை கிடைப்பது அரிது.

மேன்-ஓ-வார் துறைமுகத்தின் வாசல் இன்னும் குறுகியது. எதிரே ஒரு படகு வந்தால் ஒதுங்கி நின்று வழிவிடுவதே நல்லது. உள்ளே போய்விட்டால் ஹோப் டவுனுக்குச் சற்றும் குறையாத பாதுகாப்பு கிடைக்கும். நியூ பிளிமத்தின் நிலை வேறு. ஊரின் முகப்பு மேற்கே திறந்து கிடப்பதால், காற்று மேற்குப் பக்கம் திரும்பும் நாளில் அங்கே நங்கூரமிட்டு உறங்க முடியாது. பாதுகாப்பான குடாக்கள் தனியே இருக்கின்றன: ஊரையொட்டி பிளாக் சவுண்ட், அதற்கு வடக்கே வைட் சவுண்ட். பின்னதில் கட்டினால் ஊருக்குள் போகச் சிறுபடகோ கோல்ஃப் வண்டியோ வேண்டும். ஹோப் டவுனில் படகிலிருந்து நாலு துடுப்புப் போட்டால் தெருவில் ஏறிவிடலாம். இந்த வசதியை நான் பெரிதாகவே மதிக்கிறேன்.

ஆயினும் நியூ பிளிமத்துக்கு மற்ற இரண்டுக்கும் இல்லாத ஒரு தகுதி உண்டு. அது நாட்டுக்குள் நுழைவதற்கான அதிகாரபூர்வத் துறை என்பதால், புளோரிடாவிலிருந்து வருபவர் நுழைவு அனுமதி இன்னும் பெறவில்லை என்பதைக் காட்டும் மஞ்சள் கொடியை ஏற்றிக்கொண்டு வந்து சுங்கமும் குடிவரவும் அங்கேயே முடித்துவிடலாம். இதனால் பலருடைய பயணத்தில் அது முதல் ஊராகிவிடுகிறது. சிலருக்குக் கடைசி ஊராகவும் ஆகிவிடுகிறது. காரணம், இடையில் கிடக்கும் வேல் கீ என்ற சிறு தீவு. கிரீன் டர்ட்டிலுக்கும் தெற்கே உள்ள மற்ற இரு ஊர்களுக்கும் நடுவே அபாக்கோ கடல் மணல்திட்டாகி விடுவதால், ஓரளவு ஆழம் தேவைப்படும் எந்தப் படகும் வேலியைத் தாண்டி அட்லாண்டிக்குக்குள் போய், வேல் கீயைச் சுற்றிக்கொண்டு மீண்டும் உள்ளே வர வேண்டும். எங்கோ வடக்கே அடித்த புயலின் பேரலை, வேலித் தீவுகளுக்கு இடையிலுள்ள இந்த வாயில்களில் முட்டி உடையும் நாளை உள்ளூரார் ‘ரேஜ்’ என்கிறார்கள். காற்றே இல்லாமல் வெயில் பளபளக்கும் காலையிலும் ரேஜ் இருக்கக்கூடும் என்பதுதான் இதன் வஞ்சகம். விமானச்சீட்டின் தேதியை மனத்தில் வைத்துக்கொண்டு அவசரமாகக் கடக்க முயல்பவர்களே இங்கு ஆபத்தில் சிக்குகிறார்கள். ஆகவே ஒரே வாரம் கையில் இருப்பவர் பெரிய தீவிலுள்ள மார்ஷ் ஹார்பரில் படகை வாடகைக்கு எடுத்து, வேல் கீக்குத் தெற்கேயே சுற்றிவிட்டுத் திரும்புவது நல்லது. கிரீன் டர்ட்டிலுக்கு 2 வாரமாவது வேண்டும்.

கரையில் காண்பதற்கு என்ன இருக்கிறது என்று கேட்டால் ஹோப் டவுனே முந்துகிறது. 1864-இல் ஒளியேற்றப்பட்ட, சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை தீட்டிய அதன் கலங்கரை விளக்கம், கெரசின் சுடரையும் கையால் சாவி கொடுக்கும் பொறியையும் நம்பி இயங்கியவற்றுள் உலகில் எஞ்சியிருக்கும் மிகச் சிலவற்றில் ஒன்று. 101 படிகள் ஏறினால், பாதரசத் தொட்டியில் மிதக்கும் கண்ணாடி வில்லைக் கூட்டத்தை அருகில் நின்று பார்க்கலாம். டன் கணக்கில் கனக்கும் அது விரல் நுனியால் தள்ளினாலே நகரும் என்கிறார்கள். அதைச் சுழற்றும் எடைக்கட்டிகள் கோபுரத்தின் நடுவே மெல்ல இறங்கிக்கொண்டே வரும். இரவு முழுவதும் ஏறத்தாழ 2 மணி நேரத்துக்கு ஒருமுறை காவலர் அவற்றைக் கையால் மேலே ஏற்ற வேண்டும். கோபுரம் எழும்பியபோது ஊரார் எதிர்த்தார்கள். பாறையில் மோதிய கப்பல்களின் சரக்கை மீட்பதே அன்று அவர்களின் பிழைப்பு.

மேன்-ஓ-வாரில் பார்ப்பதற்குக் குறைவு, கவனிப்பதற்கு நிறைய. படகு கட்டுவது அங்கே குலத்தொழில். எந்தத் தெருவில் விசாரித்தாலும் ஆல்பரி என்ற குடும்பப் பெயர் காதில் விழும். ஒரு காலத்தில் பாய் தைத்த கைகள் இன்று அதே முரட்டுத் துணியில் பை தைக்கின்றன. நெடுங்காலம் மது விற்காத ஊர் அது. ஞாயிற்றுக்கிழமை கடைகள் மூடியிருக்கும் என்பதால் அன்று போவது வீண். நியூ பிளிமத்தின் சிற்பத் தோட்டத்தில் ஒரு வெள்ளையினப் பெண்ணும் ஒரு கறுப்பினப் பெண்ணும் ஒன்றாகக் கரையேறும் உருவங்கள் உள்ளன. அவர்களில் ஒருத்தி தப்பி வந்தவள், மற்றவள் கொண்டுவரப்பட்டவள் என்பதை நினைவில் வைத்துப் பார்த்தால் அந்தச் சிற்பம் வேறாகத் தெரியும்.

சாப்பாட்டில் பெரிய வேறுபாடு இல்லை. எலுமிச்சைச் சாறு பிழிந்த சங்குச் சதை சாலட் மூன்றிலும் உண்டு.

2019 செப்டம்பர் 1 அன்று டோரியன் சூறாவளி மணிக்கு சுமார் 295 கி.மீ. வேகக் காற்றுடன் எல்போ கீயில் கரையேறியது. மூன்று ஊர்களும் பலத்த சேதமடைந்தன, கலங்கரை விளக்கமோ விழாமல் நின்றது. எனவே அந்த ஆண்டுக்கு முன் அச்சான வழிகாட்டிகளில் உள்ள படகுத்துறை, கடை, மிதவைக் குறிப்புகளை அப்படியே நம்ப வேண்டாம்.

என் தேர்வு ஹோப் டவுன். 4 அடிக்குள் இறங்கும் படகானால் அங்கேயே வாரம் முழுவதும் மிதவை பிடித்து, வாரநாள் ஒன்றில் காலையில் பாய் விரித்தால், சுமார் ஒரு மணி நேரத்தில் மேன்-ஓ-வாரை அடைந்து, பை வாங்கிக்கொண்டு மாலைக்குள் திரும்பிவிடலாம். 6 அடிப் படகானால் அந்தப் பயணத்தின் புறப்பாட்டையும் திரும்புதலையும் முடிவு செய்வது கடிகாரமன்று, கடலின் ஏற்றவற்ற அட்டவணைதான்.