செரோக்கி ஜீப்பின் பின் ஷாக் மவுண்ட்: எந்த ரிப்பேர் நிற்கும்?

1984 முதல் 2001 வரை அமெரிக்காவில் வந்த ஜீப் செரோக்கி எக்ஸ்ஜே-க்குத் தனிச் சேஸ் கிடையாது. பின் ஷாக் அப்சார்பரின் மேல்முனை ரப்பர் புஷ்ஷுக்குள் பார் பின் என்ற இரும்புத் துண்டு குறுக்கே போகும். அதன் இரு முனைகளையும் கீழிருந்து ஏறும் இரண்டு எம்8 (8 மி.மீ. தடிமன்) போல்ட்டுகள் பிடித்துக்கொள்கின்றன. இவை மாட்டும் நட்டுகள் தரைக்கு அடியிலுள்ள குறுக்குச் சட்டத்தின் உள்ளே வெல்டிங் வைக்கப்பட்டவை. பனிக்கு உப்புக் கொட்டும் வடகிழக்கு மாநிலங்களில் இரு பக்கமும் சேர்த்து இந்த நான்கு போல்ட்டுகளும்தான் முதலில் துருவேறி இறுகும்.

மெதுவாகப் போகும்போது சின்னப் பள்ளத்தில்கூடப் பின்னால் 'டக்' என்று கேட்டால், ஸ்பானரை எடுப்பதற்கு முன் ஆளை வைத்துப் பின் பம்பரை அமுக்கி அமுக்கி விடச் சொல்லுங்கள். பார் பின்னும் சட்டமும் சேரும் இடத்தில் விரலை வையுங்கள். இரண்டுக்கும் நடுவே அசைவு தட்டுப்பட்டால் போல்ட் அல்லது நட் போய்விட்டது. பார் பின் அசையாமல் ஷாக்கின் கண் (முனையிலுள்ள வளையம்) மட்டும் ஆடினால் புஷ் தேய்ந்திருக்கிறது. ஷாக்கையே மாற்ற வேண்டியதுதான். இரண்டுமே உறுதியாக இருந்தால் லீஃப் ஸ்பிரிங்கின் முனையைப் பிடித்திருக்கும் ஷேக்கிளையும் சைலன்சர் தொங்கலையும் பாருங்கள். போல்ட் தலையைச் சுற்றிச் செம்பொடி படிந்திருப்பது அங்கே உராய்வு நடக்கிறது என்பதற்கு அடையாளம். திருகத் திருக இறுகவும் இல்லை, கழலவும் இல்லை என்றால் உள்ளே வெல்டிங் விட்டு நட்டே சுற்றுகிறது. இந்த நிலையில் மேலும் இறுக்குவதால் ஒரு பயனும் இல்லை.

கழற்றும்போது போல்ட் ஏன் உடைகிறது? அதன் நுனி நட்டைத் தாண்டிச் சட்டத்துக்குள் நீட்டிக்கொண்டிருக்கிறது. துரு அதிகம் பிடிப்பது அந்த நுனியில். வெளியே இழுக்கும்போது துருப்பிடித்த மரை முழுவதும் நட்டுக்குள் புகுந்து வர வேண்டும். ஆகவே துரு நீக்கி எண்ணெயைத் தலைப்பக்கம் அடித்துப் பலனில்லை. சட்டத்தின் இடைவெளி வழியே நீளமான குழாய் முனையை நுழைத்து மேலிருந்து நனைத்து, ஓரிரு நாள் ஊறவிடுங்கள். அப்புறம் கால் சுற்றுக் கழற்றி, திரும்ப முறுக்கி, மறுபடி கழற்றி என்று பொறுமையாக வர வேண்டும். தீ காட்டுவது வேண்டாம். மேலே கார்ப்பெட், கீழே ரப்பர்.

உடைந்துவிட்டால் வழி மூன்று. உள்ளே துளையிட்டு மரை போடுவது நட் இன்னும் உறுதியாக ஒட்டியிருந்தால் மட்டும் சரிவரும். எம்8 மரைக்கு 6.8 மி.மீ. துளை. தலைக்கு மேல் கை தூக்கிச் செய்யும் வேலை. ட்ரில் பிட் கடினமான போல்ட்டிலிருந்து மென்மையான நட் பக்கம் வழுக்கிவிடும். துளை கோணலானால் பெரிய மரை போடத் தோன்றும். ஆனால் நட்டின் சுவர் மெலியும், பார் பின்னின் ஓட்டையையும் அகலப்படுத்த வேண்டி வரும்.

இரண்டாவது வழி ரிவெட் நட், அதாவது துளையில் செருகி நசுக்கிப் பிடிக்கவைக்கும் நட். அரை மணியில் முடிகிற வேலை. எம்8 அளவுக்குப் பொதுவாக 11 மி.மீ. துளை போதும். ஆனால் அது பிடித்திருப்பது மெல்லிய தகட்டை. ஷாக் ஒவ்வொரு குலுக்கலிலும் மேலும் கீழும் இழுக்கும். பிடி தளர்ந்து, அடுத்த முறை கழற்றும்போது நட்டோடு சேர்ந்து சுற்றும். ஊர் போய்ச் சேர வேண்டிய அவசரத்துக்கு மட்டும் இதைச் சொல்வோம்.

நம்பிச் செய்யக்கூடியது மூன்றாவது வழி. உடைந்த தண்டில் பஞ்ச் வைத்துக் கனமான சுத்தியலால் அடித்தால் வெல்டிங் விட்டு நட் உள்ளே விழும். 3 மி.மீ. கனமுள்ள இரும்புப் பட்டையில் துளையிட்டு, 8.8 வலிமைத் தர எம்8 போல்ட்டைச் செருகி, அதன் தலையைப் பட்டையோடு வெல்டிங் வையுங்கள். கம்பி கட்டிச் சட்டத்துக்குள் இழுத்து, மரை கீழ்நோக்கி வரும்படி இறக்குங்கள். பட்டை சட்டத்தின் சுவரில் முட்டி நிற்பதால் போல்ட் சுற்றாது; நட்டை வெளியே கீழ்ப்பக்கம் மாட்டலாம். இனித் துருப்பிடித்தாலும் அந்த நட்டைக் கிரைண்டரால் வெட்டிப் போட்டுவிடலாம். எல்லாவற்றுக்கும் முன், சட்டத் தகட்டை ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். உள்ளே இறங்கினால் எந்த முறையும் நிற்காது. புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்தாக வேண்டும்.

பார் பின்னை நீக்கும் கிட் இந்த நோய்க்கான மருந்து அல்ல. ஆக்சில் ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் இறங்கும் கரடுமுரடான பாதைகளில் புஷ் முறுக்கிக் கிழியாமல் அது காக்கும், உண்மைதான். ஆனால் கிட்டின் பிராக்கெட்டும் அதே இரண்டு எம்8 போல்ட்டில்தான் தொங்குகிறது.

மேல் போல்ட்டுகளுக்கு 23 நியூட்டன் மீட்டர் இறுக்கம் போதும். நீளக் கைப்பிடி ஸ்பானர் வேண்டவே வேண்டாம். கீழ்க் கண்ணின் நட்டை வண்டியின் பாரம் சக்கரத்தில் இறங்கிய பிறகே இறுக்குங்கள். தொங்கும் நிலையில் இறுக்கினால், வண்டி தரையில் நிற்கும் நேரமெல்லாம் ரப்பர் முறுக்கியபடியே இருந்து சீக்கிரம் கிழியும்.