மெயின்ஸ் டெஸ்ட் சீரிஸ்: தமிழில் எழுதுகிறவர்கள் பணம் கட்டும் முன்

யுபிஎஸ்சி சிவில் சர்வீஸ் தேர்வில் பிரிலிம்ஸ் தேறிய கையோடு அண்ணா நகரில் ஒரு பயிற்சி மையத்தில் மெயின்ஸ் டெஸ்ட் சீரிஸில், அதாவது அடுத்த கட்டத்துக்கான மாதிரித் தேர்வுகளை எழுதித் திருத்தி வாங்குவதற்கு, சேர்ந்தேன். கட்டணம் 18,000 ரூபாய். நான் முதல்வன் திட்டத்தில் பிரிலிம்ஸ் தேறியவர்களுக்கு அரசு தரும் 25,000 ரூபாய் இருந்ததால் வீட்டில் கேட்காமல் கட்ட முடிந்தது. மையத்தின் பெயர் வேண்டாம். ஆனால் தமிழ் மீடியத்தில் எழுதப்போகிற யாரும் எங்கே பணம் கட்டினாலும் சில விஷயங்களைக் கேட்டுவிட்டுக் கட்ட வேண்டும், அதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

இப்போதுதான் இந்தப் பக்கம் வருகிறவர்களுக்குச் சுருக்கமாக. யுபிஎஸ்சி சிவில் சர்வீஸ் தேர்வில் மூன்று கட்டம். பிரிலிம்ஸ் இரண்டு தாள், சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் வகை, தப்பாக நிரப்பினால் அந்தக் கேள்வியின் மதிப்பெண்ணில் மூன்றில் ஒரு பங்கு கழியும். இரண்டாவது தாளான சிசாட்டில் 33 சதவீதம் எடுத்தால் போதும், கட் ஆஃப் முதல் தாளுக்குத்தான். அங்கே எடுத்த மார்க் அதோடு சரி, ரேங்க்குக்கு வராது. ரேங்க் முடிவாவது மெயின்ஸ் 1750, நேர்முகத் தேர்வு 275, ஆக 2025 மதிப்பெண்ணில். மெயின்ஸில் கட்டுரை, நான்கு ஜி.எஸ். (பொது அறிவு) தாள், நாமே தேர்ந்தெடுக்கும் ஆப்ஷனல் பாடத்தில் இரண்டு தாள், தலா 250. இதுபோக இந்திய மொழி ஒன்று, ஆங்கிலம் ஒன்று என்று தலா 300க்கு இரண்டு தகுதித் தாள்கள். அதில் 25 சதவீதம் எடுக்காவிட்டால் மற்ற தாள்களை மதிப்பிடவே மாட்டார்கள்.

மெயின்ஸ் முழுக்கக் கையால் எழுதுவது. ஒரு ஜி.எஸ். தாளில் 20 கேள்வி, மூன்று மணி நேரம். பத்து மார்க் கேள்விக்கு 150 சொல், பதினைந்து மார்க்குக்கு 250. பிரித்துப் பார்த்தால் சின்னதற்கு 7 நிமிடம், பெரியதற்கு 11 நிமிடம், யோசிக்கிற நேரமும் இதற்குள்தான். எழுதிய விடைத்தாளை யுபிஎஸ்சி நமக்குக் காட்டாது. மார்க் மட்டும் வரும், எந்தப் பதிலில் விழுந்தோம் என்று கடைசிவரை தெரியாது. டெஸ்ட் சீரிஸுக்கு நான் பணம் கட்டியதே, யாராவது ஒருவர் என் பதிலை உட்கார்ந்து படித்து இந்த இடத்தில் சறுக்கிவிட்டாய் என்று சொல்வார் என்றுதான்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். தேர்வு நடத்துவதில் குறையே இல்லை. உண்மையான தேர்வில் தருவது போலவே கேள்விக்குக் கீழே பதிலுக்கு இடம் விட்ட புத்தகம், பத்து மார்க்குக்கு இரண்டு பக்கம், பதினைந்துக்கு மூன்று. மணி அடித்தால் பேனாவை வைத்துவிட வேண்டும், ஒரு நிமிடம் கூடத் தரமாட்டார்கள். கடைசி இரண்டு ஞாயிறும் காலை ஒரு ஜி.எஸ்., மதியம் ஒரு ஜி.எஸ். என்று ஒரே நாளில் ஆறு மணி நேரம் எழுத வைத்தார்கள். உண்மையில் அப்படித்தான் நடக்கிறது. முதல் ஞாயிறு மதியம் பதினாறாவது கேள்வியில் என் கட்டை விரல் மடங்க மறுத்தது, எழுத்து கோழி கிளறிய மாதிரி ஆகிவிட்டது. வீட்டில் தனியாக உட்கார்ந்து எழுதியிருந்தால் இது தேர்வு அன்றுதான் தெரிந்திருக்கும்.

திருத்துவதுதான் பிரச்சினை. யுபிஎஸ்சியில் அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணை மொழிகளில் எதிலும் பதில் எழுதலாம், ஆனால் ஜி.எஸ். கேள்வித்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் இருக்கும். அதாவது நாம் ஆங்கிலத்தில் படித்து, தமிழில் யோசித்து, தமிழில் எழுத வேண்டும். சேரும்போது தமிழ் மீடியத்துக்கும் ஆள் இருக்கிறார்கள் என்றார்கள். முதல் தாள் திரும்பி வர 19 நாள், இரண்டாவது 22 நாள். பிரிலிம்ஸ் முடிவுக்கும் மெயின்ஸுக்கும் நடுவே இரண்டு இரண்டரை மாதம்தான் கிடைக்கிறது, அதில் மூன்று வாரம் காத்திருந்தால் அதற்குள் அதே தப்போடு இன்னும் இரண்டு தாள் எழுதிவிடுகிறோம். சரி, வந்த தாளிலாவது ஏதாவது இருந்ததா என்றால், எல்லாப் பதிலுக்கும் கீழே ஆங்கிலத்தில் ‘குட், ஆட் எக்சாம்பிள்ஸ்’. குடியரசுத் தலைவர் ஆட்சி பற்றிய ஒரு பதிலில் 356வது பிரிவு என்று எழுத வேண்டிய இடத்தில் அவசரத்தில் 352 என்று எழுதியிருந்தேன். அந்த எண்ணுக்குப் பக்கத்திலேயே ஒரு டிக். அதைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. என் தாளை யாருமே படிக்கவில்லை.

அலுவலகத்தில் போய்ச் சண்டை போட்டேன். தமிழ்த் தாள்களை வெளியே அனுப்பித்தான் திருத்துகிறோம் என்று அப்போதுதான் ஒப்புக்கொண்டார்கள். அப்புறம், தமிழிலேயே மூன்று முறை மெயின்ஸ் எழுதிய ஒரு மேடத்திடம் அனுப்பினார்கள். ஜி.எஸ். இரண்டாம் தாளை என்னைப் பக்கத்தில் உட்கார வைத்து நாற்பது நிமிடம் படித்தார். ஆளுநர் பற்றிய பதிலில் முதல் அரைப் பக்கத்தைச் சுற்றி ஒரு கோடு போட்டு, “தம்பி, 153, 155 எல்லாம் சரிதான், ஆனா கேள்வி இதையா கேட்டுச்சு? ‘கிரிட்டிக்கலி எக்ஸாமின்’னா ரெண்டு பக்கமும் எடைபோட்டு நீ எங்க நிக்கிறேன்னு சொல்லணும்” என்றார். ஓரத்தில் ‘சர்க்காரியா எங்கே? பொம்மை வழக்கு எங்கே?’ என்று எழுதினார். மத்திய, மாநில உறவு பற்றிய சர்க்காரியா ஆணையத்தையும், 356வது பிரிவு பற்றிய எஸ்.ஆர். பொம்மை வழக்குத் தீர்ப்பையும் நான் தொடவே இல்லை. இன்னொன்றும் சொன்னார்: கலைச்சொல்லுக்கு மட்டும்தான் அடைப்புக்குறியில் ஆங்கிலச் சொல் எழுத அனுமதி, அதை மீறினால் மார்க் குறைக்கலாம். நான் வரிக்கு வரி ஆங்கிலத்தை அடைப்புக்குறியில் போட்டுக்கொண்டிருந்தேன், அதற்கு முன் திருத்திய யாரும் அதைக் கவனிக்கவில்லை.

அவர் திருத்தியது மொத்தம் இரண்டே தாள், இரண்டுமே ஜி.எஸ். இரண்டு. நேர்முகத் தேர்வுப் பட்டியலில் என் எண் வரவில்லை. பின்னால் மார்க் வந்தபோது ஜி.எஸ். தாள்களில் 100ஐத் தாண்டியிருந்தது அந்த ஒன்றுதான்.

தமிழ் இலக்கியம் ஆப்ஷனலுக்கு அந்த மையத்தில் திருத்த ஆளே இல்லை. மாடல் ஆன்சர் என்று தருவதும் ஆங்கிலத்தில்தான், அதுவும் பதில் ஒன்றுக்கு 600 சொல். 11 நிமிடத்தில் அதை யாராலும் எழுத முடியாது.

பணம் கட்டும் முன், போன பேட்ச்சில் தமிழில் எழுதித் திருத்திய ஒரு தாளையாவது எடுத்துக் காட்டச் சொல்லுங்கள், எத்தனை நாளில் திருப்பித் தருவார்கள் என்பதை ரசீதில் எழுதி வாங்குங்கள். காட்ட ஒன்றும் இல்லை என்றால், திருத்துவது வேண்டாம், ஹாலில் உட்கார்ந்து எழுத மட்டும் எவ்வளவு என்று கேட்டுப் பாருங்கள். இந்த முறை நான் அப்படிக் கேட்டேன், 6,000 ரூபாய்க்குக் கொடுத்தார்கள்.